என் கை அளவு வளையல்

"என்ன அளவு, அக்கா?" என்று வளையல் கடைக்காரர் கேட்டார். தமிழ்நாட்டிலிருந்து கிள்ளானுக்கு வேலைக்கு வந்தவர். யார் வந்தாலும் முதலில் கையைத்தான் பார்ப்பார்.

"ரெண்டு எட்டு," என்றேன்.

ரெண்டு எட்டு என் கை அளவு. வளைகாப்பு எனக்கில்லை, என் கொழுந்தன் மனைவிக்கு. அவள் கை குச்சி மாதிரி இருக்கும், ரெண்டு நாலு தாராளமாகப் போதும். நான் பதினைந்து வருடமாக வீட்டில் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள். ஒருத்தி வாசலில் நுழையும்போதே அவள் தோளும் கையும் எனக்கு அங்குலக் கணக்கில் தெரிந்துவிடும். அதனால் அளவு தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று நான் சொன்னால் யாரும் நம்ப வேண்டாம். வாய் தானாகச் சொன்னது. அவர் சிவப்பும் பச்சையுமாக இருபத்தொன்றை எடுத்து அடுக்கினார். சரி பார்க்கிற சாக்கில் ஒன்றை மாட்டிக்கொண்டேன். அது என் கையில் அழகாக உட்கார்ந்தது. கழற்றிக் கொடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

எனக்கு வளைகாப்பு நடக்கவில்லை. இருபது வருடத்துக்கு முன்பு கேரித் தீவுத் தோட்டத்து வீட்டில் நான் முதல் பிள்ளையைச் சுமந்தபோது, ஐந்தாம் மாதத்தில் மாமனார் இறந்துபோனார். அந்த வருடம் வீட்டில் எந்த நல்ல காரியமும் கிடையாது என்றாகிவிட்டது. ஒன்பதாம் மாதம் ஒரு காலையில் எனக்கு வலி எடுத்தபோது நல்ல மழை. தோட்டத்து வேன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அது திரும்பி வந்து, செம்பனை மரங்களுக்கு நடுவே சேற்றில் உருண்டு, பாலத்தைத் தாண்டி, கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பையன். அழவே இல்லை. அப்புறம் ஒரு மகள் பிறந்தாள், இப்போது காஜாங்கில் தங்கிப் படிக்கிறாள். நாங்கள் கிள்ளானுக்குக் குடி வந்துவிட்டோம். முதல் பிள்ளையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

கொழுந்தன் இன்னும் தீவில்தான் லோரி ஓட்டுகிறார். மாமியார் அவரோடு இருக்கிறார். கொழுந்தனுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து இப்போதுதான் சின்னவள் உண்டாகியிருந்தாள். அவளுக்குத் தாய் இல்லை, சிறு வயதிலேயே போய்விட்டார்கள். கிளினிக்கில் இரண்டு தடவை பிரஷர் கூடிக் காட்டியிருக்கிறது. அங்கிருக்கிற நர்ஸ், எங்கள் பேச்சில் மிஸ்ஸி, கடைசி மாதத்துக்கு ஒரு வழி சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு வீடு இருக்கிறதாம், ரூமா துங்கு, அதாவது காத்திருக்கிற வீடு. தூரத்துத் தோட்டங்களிலும் தீவிலும் இருக்கிற கர்ப்பிணிகள் வலி வருவதற்கு முன்பே வந்து தங்கிக்கொள்ளலாம். கட்டில், சாப்பாடு எல்லாம் உண்டு. காலையும் மாலையும் மிஸ்ஸி வந்து பிரஷர் பார்ப்பாள். வலி எடுத்தால் சாலையைக் கடந்தால் போதும்.

இதைக் கொழுந்தன் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. "நல்லதா போச்சு அண்ணி, எனக்கு இனிமே பயமில்ல," என்றார். நான் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது. வேறு வார்த்தை தேடி மழுப்ப விரும்பவில்லை, எரிந்தது. ஒன்பது மாத வயிற்றோடு பத்துப் பேருக்குச் சோறு வடித்தவள் நான். இவள் போய் மெத்தையில் படுப்பாளாம், வேளைக்கு ஒருத்தி வந்து கையைப் பிடித்துப் பார்ப்பாளாம். இனிப்பு போட மறந்த தேநீரை அவர் மரியாதைக்குக் குடித்துவிட்டுப் போனார்.

வளைகாப்பு ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில், தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடந்தது. வளையல் தட்டை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன், வாங்கியவள் நான், மூத்த மருமகளும் நான். மாமியார் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "மொத அஞ்சு பேரு, தலப்புள்ள தங்குனவங்க வாங்க."

ஐந்து பேர் எழுந்து வந்தார்கள். மாமியார் என் காதருகே வந்து, "நீ கடைசியா போடும்மா பெரியவளே, தப்பா நெனைக்காத," என்றார். நான் தலையை ஆட்டினேன். ஒவ்வொருத்தியும் என் தட்டிலிருந்து எடுத்துச் சின்னவள் கையில் போட்டாள். போட்டதெல்லாம் சரேலென்று முழங்கை வரைக்கும் போய், கையைத் தாழ்த்தினால் விரல் வரை வந்து நின்றது. பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"யாருலா வாங்குனா? கையப் பாக்காமயா வாங்குனாங்க?"

நான் தட்டில் மிச்சமிருந்த வளையல்களை அடுக்கினேன். சின்னவள்தான் சமாளித்தாள். "பரவால ஆன்டி, சத்தம் நல்லாருக்கு," என்று இரண்டு கையையும் ஆட்டிக் காட்டினாள். சந்தனம் பூசிய கன்னமும் அந்தச் சிரிப்புமாக அவளைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் அந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. புளிச்சோற்றைப் பிசைந்துகொண்டே ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"புருசன் வீடு இருக்கு, அண்ணன் வீடு இருக்கு, எதுக்குலா கண்ட எடத்துல போயி படுக்கணும்?"

"யாரு யாரோ படுத்த கட்டிலு. சாப்பாடு என்னா போடுவாங்களோ, மாட்டெறச்சி கலந்துருக்குமோ என்னமோ."

"எங்க தோட்டத்து லைன்ல ஒரு புள்ள போனா. நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்களாம். ஆனா மாமியா வெளிய தல காட்ட முடியல. அனாத மாதிரி விட்டுட்டாங்கன்னு ஊரே பேசிச்சு."

கிளினிக்கில் வேலை பார்க்கிற ஒரு இளம்பெண் மட்டும், "பிரஷர் இருக்கு ஆன்டி. பேச்சுக்குப் பயந்து உக்காந்தா ஆவுமா?" என்றாள். அவளுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை என்பதால் அவள் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மாமியார் பரிமாறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். குடும்பத்தில் ஒரு முடிவு என்றால் அவர் என்னைத்தான் பார்ப்பார், அது பழக்கம். நான் சரி என்றிருந்தால் அவள் மறுநாளே அங்கே போயிருப்பாள். நான் எழுந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "என் வீடு ஆஸ்பத்திரிக்கு இருவது நிமிஷம். நான் ஒருத்தி இருக்கறப்ப அவ ஏன் அனாத மாதிரி எங்கயோ போயி கெடக்கணும்? தாய் வீடு மாதிரி நான் பாத்துக்கறேன்."

பந்தியே என்னைப் பாராட்டியது. இந்தக் காலத்தில் இப்படியொரு ஓரகத்தியா என்றார்கள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்னவள் மட்டும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் அவள் ஒரு துணிப்பையோடு என் வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து வீடு முழுக்க அந்தச் சத்தம். அவள் தண்ணீர் மோந்தால் சலசல, தலை வாரினால் சலசல, புரண்டு படுத்தால் கூடச் சலசல. நான் மிஷினை வேகமாக ஓட்டி அதை அமுக்கப் பார்த்தேன். மிஷினை நிறுத்திய அடுத்த நொடி கேட்கும். என் அளவு வளையல், என் வீட்டுக்குள், இன்னொருத்தி கையில். இதை நானே வாங்கிக் கொடுத்து நானே அனுபவித்தேன்.

சாயங்காலமானால் கொழுந்தன் போன் செய்வார். சாப்பிட்டியா, உதைக்கிறானா, கால் வலிக்குதா என்று ஒரு மணி நேரம். என் கணவரோ மார்க்கெட்டிலிருந்து மாங்காய் வாங்கி வந்து அவளிடம் கொடுத்தார். "புள்ளத்தாச்சிக்கு ஆசையா இருக்கும்லா," என்றார். இருபது வருடத்துக்கு முன்பு அந்த ஆசை எனக்கும் இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. மாங்காயை நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தேன். "நீங்களும் சாப்பிடுங்கக்கா," என்று அவள் முதல் துண்டை என்னிடம் நீட்டினாள். பல் கூசுகிறது என்று பொய் சொன்னேன்.

அவள் நல்ல பெண். அதுதான் கஷ்டம். வாயாடியாக, சோம்பேறியாக இருந்திருந்தால் என் கோபத்துக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அவளோ நான் தைத்துப் போட்ட ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் கொக்கி தைத்துக்கொண்டே கேட்டாள். "அக்கா, ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"எனக்கு அந்த வீட்டுக்குப் போவணும்னுதான் இருந்துச்சு. இங்க கொறன்னு இல்லக்கா. அங்க தெனம் ரெண்டு வாட்டி பிரஷர் பாப்பாங்களாம். எனக்கு ராத்திரியெல்லாம் பயமா இருக்கு. நீங்க சொன்னா அத்த கேப்பாங்க."

"சொல்றேன்," என்றேன்.

அன்று சாயங்காலம் அவள் கண் முன்னாலேயே மாமியாருக்குப் போன் போட்டேன். தீவில் மழையா என்று கேட்டேன். முழங்கால் வலி எப்படி என்று கேட்டேன். பிறகு, "சின்னவ இங்க சந்தோஷமா இருக்கா அத்த, நீங்க கவலப்படாதீங்க," என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ஊசியில் நூல் கோர்க்கத் தொடங்கினாள். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு அன்றே தெரியும். வெறும் மெத்தைக்கும் சாப்பாட்டுக்கும் பொறாமைப்படுகிற அளவுக்கு நான் அற்பமில்லை. என் பிள்ளை போனது விதி என்று சொல்லிச் சொல்லித்தான் நான் எழுந்து நடமாடினேன். மழை விதி, வேன் விதி, பாலம் விதி. இவள் போய் ஒரு கட்டிலில் படுத்து, சாலையைக் கடந்து, சுகமாகப் பெற்றுக்கொண்டு வந்துவிட்டால் என் விதி என்ன ஆகும்? ஒரு கட்டில் கிடைக்காததால் போன பிள்ளை என்றல்லவா ஆகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

எட்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். வீடு அமைதியாக இருந்தது. அப்பாடா, ஒருவழியாகச் சத்தம் ஓய்ந்தது என்று நினைத்தேன். தூங்குகிறாள் போலிருக்கிறது. இன்னும் இரண்டு அங்குலம் வெட்டியிருப்பேன், சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் விழுகிறது, தட்டு தட்டோடு மோதுகிறது. வளையல் சத்தம் மட்டும் இல்லை.

கத்திரிக்கோலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அவள் குழாயடியில் நின்று தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வளையல்கள் அசையவில்லை. இரண்டு கையிலும் இருபத்தொரு வளையலும் மணிக்கட்டில் இறுகி நின்றன, இடையில் சதை பிதுங்கியிருந்தது. அவள் கை என் கை அளவுக்கு வந்திருந்தது.

"எப்பலேர்ந்து இப்படி?"

"நேத்துலேர்ந்து கொஞ்சம் டைட்டா இருக்குக்கா. கை நெறஞ்சா நல்லதுன்னு அத்த சொல்லிருக்காங்க."

"தல வலிக்குதா?"

"லேசா. கண்ணுல பூச்சி பறக்கற மாதிரி இருக்கு. உங்க வேல கெட்டுப்போவும்னு சொல்லல."

பக்கத்து வீட்டு அங்கிளைக் கூப்பிட்டுக் காரை எடுக்கச் சொன்னேன். இருபது நிமிடம் என்று பந்தியில் பெருமையாகச் சொன்ன தூரம், அன்று ஆற்றுப் பாலத்தில் ஜேம், ஐம்பது நிமிடம் ஆனது. முன்னால் நின்ற லோரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு அவள் கையைப் பிடித்திருந்தேன். இருபது வருடத்துக்கு முந்தைய வேனில் நான் என்னென்ன வேண்டிக்கொண்டேனோ அதையெல்லாம் திரும்ப வேண்டினேன். அப்போது எனக்காக, இப்போது அவளுக்காக. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த மிஸ்ஸி டாக்டரைக் கூப்பிட ஓடினாள். திரும்பி வந்து, "வளையல கழட்டுங்கம்மா, ட்ரிப் ஏத்தணும்," என்றாள். சோப்பு போட்டுப் பார்த்தோம், நகரவில்லை. உடைக்கத்தான் வேண்டும் என்றதும் சின்னவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா. புள்ள பொறக்கறதுக்கு முன்னுக்கு ஒடச்சா ஆவாது. அத்த தாங்க மாட்டாங்க."

"அத்தகிட்ட நான் சொல்லிக்கறேன். பாவம் எனக்கு வரட்டும்," என்று சொல்லிக் கைக்குட்டையைச் சுற்றி ஒவ்வொன்றாக அழுத்தி உடைத்தேன். கண்ணாடி கீறி என் கட்டைவிரலில் ரத்தம் வந்தது. மிஸ்ஸி, "நல்லவேள கவனிச்சீங்க," என்றாள். ரெண்டு நாலு வாங்கிப் போட்டிருந்தால் அந்த வளையல் நாலைந்து நாளைக்கு முன்பே இறுகிக் காட்டியிருக்கும். இதை அன்றைக்கு அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் மாமியார் வந்தார். சின்னவளின் வெறும் கையைப் பார்த்ததும் கத்துவார் என்று தயாராக நின்றேன். அவர் அந்தக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மருந்தில் பிரஷர் இறங்கியது. பிள்ளைக்கு இன்னும் இரண்டு வாரம் உள்ளே இருந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னார். ஐந்தாம் நாள் வார்டிலிருந்து விட்டார்கள், வீட்டுக்கு அல்ல, எதிரே இருக்கிற அந்த வீட்டுக்கு. இந்தத் தடவை யாரும் ஊர் என்ன பேசும் என்று கேட்கவில்லை. துணிப்பையை நான்தான் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தேன்.

பழைய அரசாங்கக் குடியிருப்பு மாதிரியான வீடு. ஆறு கட்டில். மூலையில் ஒரு மலாய்க்காரப் பெண் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு கட்டிலில் ஒரு ஒராங் அஸ்லி பழங்குடிப் பெண் படுத்து விசிறிக்கொண்டிருந்தாள், எங்களைப் பார்த்துச் சிரித்தாள். ஜன்னலோரக் கட்டில் சின்னவளுக்கு, அதற்கு அடுத்தது காலி. நீலக் கோடு போட்ட விரிப்பு, சலவை வாசனை. நான் நினைத்து எரிந்த சொகுசு எதுவும் அங்கே இல்லை. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, சுவரில் பிரஷர் எழுதுகிற ஒரு அட்டை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை முட்டியது. இவ்வளவுதானா, இவ்வளவே போதுமாக இருந்ததா என்றிருந்தது.

அவள் படுத்ததும் தூங்கிவிட்டாள். அவளை அப்படி நான் என் வீட்டில் பார்த்ததில்லை.

மாமியார் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றதும் தலையைத் தூக்காமல் சொன்னார்: "இந்த வீடு அப்பவும் இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. "எப்ப அத்த?"

"ஒனக்கு மொத புள்ள நின்னப்ப. தோட்டத்து மிஸ்ஸி வந்து சொன்னா, மழக்காலம், மருமவள முன்னாடியே அனுப்பிருங்கன்னு. நாந்தான் ஒங்கிட்ட சொல்லல. எம்புருசன் செத்த வருசம், மருமவளயும் வெளிய தள்ளிட்டான்னு பேசுவாங்களேன்னு பயந்துட்டேன். நான் இருக்கறப்ப அவ ஏன் அனாத மாதிரி போவணும்னு மிஸ்ஸிய திருப்பி அனுப்பிட்டேன்."

இருபது வருடக் கோபத்தோடு கத்த வாயைத் திறந்தேன். அவர் சொன்ன கடைசி வாக்கியம் காதிலேயே நின்றது. மண்டபத்தில், பந்திக்கு நடுவில், இரண்டு வாரத்துக்கு முன்பு நானே எழுந்து நின்று சொன்ன வாக்கியம் அது. அவராவது பயத்தில் சொன்னார். நான் பொறாமையில் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த பத்தாம் நாள் சின்னவளுக்குச் சுகமாகப் பிரசவமானது. பையன். ஆஸ்பத்திரிக்கே கேட்கிற மாதிரி அழுதான். தூக்கிக் கையில் கொடுத்தார்கள், கொஞ்சினேன், சந்தோஷப்பட்டேன், பொறாமையும் பட்டேன். அது இன்னும் முழுசாகப் போகவில்லை, போய்விட்டது என்று எழுதினால் அதுவும் பொய்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அந்த வீட்டின் முதல் நாள் மதியம்தான். மாமியாரை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தேன். சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள், வளையல் இறுகிய தடம் மணிக்கட்டில் இன்னும் சிவந்திருந்தது. அடுத்த கட்டில் காலியாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் படுத்தேன். கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாகச் சாலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது. நடந்தால் நூறு அடி கூட இருக்காது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியவில்லை.

பிரஷர் பார்க்க மிஸ்ஸி வந்தாள். என்னைப் பார்த்துவிட்டு அட்டையைப் புரட்டினாள்.

"இந்தக் கட்டிலுக்கு ஆள் வந்தாச்சா? எத்தன மாசம்?"

நான் எழுந்து விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டேன்.

"யாருமில்ல மிஸ்ஸி," என்றேன். "காலிதான்."